ஏழாவது வரியில் தவறே இல்லையே?

உங்கள் பைத்தான் நிரலை ஓட்டும்போது ஏழாவது வரியில் 'இன்வேலிட் சின்டாக்ஸ்' (எழுதிய முறை தவறு) என்ற பிழைச் செய்தி வருகிறது, ஆனால் அந்த வரி சரியாகத்தானே இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம், அது சரிதான். ஆறாவது வரியைப் பாருங்கள்: மதிப்பெண் பட்டியலுக்கு '{' என்ற நெளிவு அடைப்புக்குறியைத் திறந்தீர்கள், மூடவில்லை. அதை மூடும்வரை பைத்தானுக்கு அந்த வாக்கியம் முடியாது. அடுத்த வரியையும் பட்டியலின் பகுதியாகவே படித்துக்கொண்டு போய், பொருந்தாத ஒன்று தட்டுப்பட்டதும் அங்கே கைகாட்டுகிறது. பாவம், ஏழாவது வரி மாட்டிக்கொண்டது!

உங்களிடம் இருப்பது பழைய பைத்தான் என்று நினைக்கிறேன். 2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பு முதல், அடைப்புக்குறி மூடப்படவே இல்லை என்று சொல்லி, அதைத் திறந்த இடத்தையே காட்டும். முடிந்தால் புதியதை நிறுவிவிடுங்கள். கல்லூரிக் கணினி, நிறுவ அனுமதி இல்லை என்றால், சுட்டும் வரி சரியாக இருக்கும்போதெல்லாம் அதற்கு மேல் உள்ள வரியில் அடைப்புக்குறிகளை எண்ணிப் பாருங்கள்.