கட்டணம் ஏறுகிறது, பிள்ளைகள் குறைகிறார்கள்: இதே பள்ளியில் தொடரலாமா?

ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மூத்த மகள் தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு. இந்த வருடம் கட்டணம் 12 சதவீதம் ஏறியிருக்கிறது, வீட்டு வருமானத்தில் நான்கில் ஒரு பங்கு அதற்கே போகிறது. போன வருடம் மூன்று பிரிவாக இருந்த வகுப்பை இப்போது இரண்டாக்கிவிட்டார்கள். அடுத்த வருடம் இளையவனையும் அங்கேயே சேர்க்க நினைத்திருந்தார். "இவ்வளவு பணம் கட்டியாயிற்று, இப்போது மாற்றினால் எல்லாம் வீண்தானே? ஆனால் பள்ளியே ஆட்டம் காண்கிற மாதிரி தெரிகிறது, என்ன செய்வது?" என்கிறார்.

கட்டிய பணத்தை முதலில் மறந்துவிடுங்கள். அங்கேயே இருந்தாலும் அது திரும்ப வராது, மாற்றினாலும் வராது. அவள் படித்தது அவளிடம் இருக்கிறது, அதை யாரும் பிடுங்கப் போவதில்லை. இனிமேல் கட்டப் போகிற பணத்துக்குத்தான் கணக்குப் போட வேண்டும்.

அந்தக் கணக்கில்தான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். இந்த வருடக் கட்டணத்தை மீதி வருடங்களால் பெருக்கிப் பார்த்துவிட்டு, சரி, சமாளித்துவிடலாம் என்று விட்டுவிடுகிறார்கள். கட்டணம் வட்டி போலக் குட்டி போடும். முதல் வருடம் கட்டுவதை 1 பங்கு என்று வைத்துக்கொண்டால், ஏற்றமே இல்லாத பள்ளியில் 12 வருடத்துக்கு 12 பங்கு. வருடம் 6 சதவீதம் ஏறினால் சுமார் 17 பங்கு, 10 சதவீதம் என்றால் 21 பங்குக்கு மேல். உங்கள் பள்ளி இதே 12 சதவீதத்தில் போனால், மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போது இன்றையதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு கட்டுவீர்கள். உங்கள் வருமானம் வருடம் 6 சதவீதம் ஏறுவதாக வைத்தாலும் அது அப்போது ஒன்றரை மடங்கை ஒட்டித்தான் இருக்கும், அதாவது இன்று நான்கில் ஒன்றாக இருப்பது ஐந்தில் இரண்டாகிவிடும். இது ஒரு பிள்ளைக்கு மட்டும். வண்டி, சீருடை, புத்தகம், சுற்றுலா, விழா என்று நடுவில் வரும் சீட்டுகளை நான் இதில் சேர்க்கவே இல்லை.

ஒரு வருட ஏற்றத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், பழைய ரசீதுகளை எடுத்து ஐந்து வருடத்துக்கும் பாருங்கள். நாலு வருடம் ஏற்றாமல் இருந்து இப்போது 12 ஏற்றியிருந்தால் அது வேறு கதை.

அடுத்து, இந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? தேர்வு முடிவுப் பலகையை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். நன்றாகப் படிக்கிற, வீட்டில் உதவி கிடைக்கிற பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கிற பள்ளியில் முடிவு நன்றாகத்தான் இருக்கும். இதில் பள்ளியின் பங்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. பல நாடுகளின் 15 வயது மாணவர்களை ஒப்பிடும் பிசா தேர்வு 2018-ல் நடந்தபோது, வாசிப்பில் தனியார் பள்ளி மாணவர்கள்தான் அதிக மதிப்பெண் வாங்கினார்கள். ஆனால் குடும்ப வசதியையும் பள்ளியில் படிப்பவர்களின் பின்னணியையும் கணக்கில் எடுத்த பிறகு, பெரும்பாலும் பணக்கார நாடுகளைக் கொண்ட ஓஇசிடி அமைப்பின் உறுப்பு நாடுகளின் சராசரியில் அரசுப் பள்ளி மாணவர்கள் முந்திவிட்டார்கள். அதற்காகத் தனியார் பள்ளி எல்லாம் வெறும் பகட்டு என்று நான் சொல்லவில்லை. சராசரி என்பது உங்கள் பள்ளியைப் பற்றியோ உங்கள் வீட்டருகே இருக்கிற மாற்றுப் பள்ளியைப் பற்றியோ எதுவும் சொல்லாது. அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கூடுதலாகக் கட்டும் பணத்துக்குக் கூடுதலாக என்ன என்று கேளுங்கள்.

நான் பார்க்கச் சொல்வது நோட்டுப் புத்தகத்தை. மகளின் கணக்கு நோட்டை எடுத்து நடுவில் எங்காவது பிரியுங்கள். தப்பான கணக்கின் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி மட்டும் இருக்கிறதா, அல்லது எந்த வரியில் கடன் வாங்க மறந்தாள் என்று வட்டம் போட்டு, கீழே அவளையே திரும்பப் போடவைத்து, அதையும் திருத்தியிருக்கிறார்களா? பக்கத்துக்குப் பக்கம் வெறும் சரி குறியும் தேதியும் மட்டும் இருந்தால், யாரோ அவசரமாகக் கையெழுத்துப் போட்டுத் தள்ளியிருக்கிறார். பிறகு, நீங்கள் மாற்ற நினைக்கிற பள்ளியில் இதே வகுப்பில் படிக்கும் தெரிந்த பிள்ளை ஒருவரின் நோட்டையும் வாங்கிப் பாருங்கள். பளபளக்கும் கையேடு சொல்லாததை இந்த இரண்டு நோட்டும் சொல்லிவிடும். (பள்ளிக்கும் கட்டி, பள்ளி நடத்தாத பாடத்துக்கு டியூஷனுக்கும் கட்டுகிறீர்கள் என்றால், டியூஷன் பணத்தைப் பள்ளிக் கட்டணத்தோடு சேர்த்தே எழுதுங்கள்.)

இனி பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு வருவோம். எனக்கு உங்கள் கடிதத்தில் உறுத்தியது கட்டணத்தை விட இதுதான். பள்ளியின் செலவில் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளம். 30 பேர் இருந்த வகுப்பில் 24 பேர் ஆனாலும் அதே ஆசிரியர், அதே அறை. தலைக்கு விழும் செலவு 25 சதவீதம் கூடிவிடுகிறது. அதை ஈடுகட்டக் கட்டணத்தை ஏற்றுவார்கள், ஏற்றியதால் இன்னும் சிலர் போவார்கள், மறுபடி ஏற்றம். இந்தச் சுழலில் மாட்டிய பள்ளி செலவைக் குறைக்கப் பெரும்பாலும் இரண்டு வழிகளைப் பிடிக்கும்: ஆசிரியர்களையும் ஊழியர்களையும் குறைப்பது, பிரிவுகளை ஒன்றாக இணைப்பது. உங்கள் பள்ளி இரண்டாவதைத் தொடங்கிவிட்டது.

பிள்ளைகள் குறைந்தால் வகுப்பு சின்னதாகும், நல்லதுதானே என்று தோன்றும். எப்போதும் அப்படி ஆகாது. மூன்று பிரிவில் 28 பேர் வீதம் 84 பேர் இருந்தார்கள் என்று வையுங்கள். 14 பேர் போய்விட்டார்கள், மிச்சம் 70. இரண்டு பிரிவாக்கினால் தலா 35. பள்ளி சுருங்கியது, வகுப்பு பெருத்தது, நீங்கள் 12 சதவீதம் அதிகம் கட்டுகிறீர்கள்! அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985-ல் தொடங்கி நான்கு வருடம் நடந்த பரிசோதனையில், 13 முதல் 17 பேர் இருந்த வகுப்பில் படித்த சிறு பிள்ளைகள், 22 முதல் 25 பேர் இருந்த வகுப்பில் படித்தவர்களை விட வாசிப்பிலும் கணக்கிலும் நன்றாகச் செய்தார்கள். ஆகவே உங்கள் மகளின் பிரிவில் போன வருடம் எத்தனை பேர், இப்போது எத்தனை பேர் என்பதை அவளிடமே கேளுங்கள். பெயர் பெயராகச் சொல்வாள்.

குறைவு எங்கே என்பதும் முக்கியம். மேல் வகுப்புகள் நிரம்பியிருந்து ஒன்றாம் வகுப்பு பாதி காலியாக இருந்தால், அந்தப் பள்ளிக்கு வரும் வருடங்களில் தட்டுப்பாடுதான், ஏனென்றால் அந்தச் சின்ன வகுப்பு வருடா வருடம் மேலே ஏறிக்கொண்டே வரும். பக்கத்தில் புதுப் பள்ளி திறந்ததால் ஒரு வருடம் மட்டும் குறைந்திருந்தால் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. வருட நடுவில் ஆசிரியர்கள் மாறிக்கொண்டே இருந்தால்தான் கவலை. நல்ல ஆசிரியர்கள் பெற்றோருக்கு முன்பே கிளம்பிவிடுவார்கள்.

என் முடிவைக் கேட்டால், மூத்தவளை அவசரமாக மாற்ற வேண்டாம். நோட்டுப் புத்தகம் நன்றாக இருந்தால் ஐந்தாம் வகுப்பை அங்கேயே முடிக்கட்டும், ஆறாம் வகுப்பில் பலரும் புதிதாகச் சேர்வார்கள், அவளுக்கும் தனியாக நிற்பது போல இருக்காது. அதற்குள் மாற்றுப் பள்ளிகளைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். நோட்டு மோசமாக இருந்தால் இந்த வருட முடிவிலேயே மாற்றுங்கள்.

இளையவன் விஷயத்தில் அக்கா இருக்கிறாள் என்பதற்காக மட்டும் சேர்க்காதீர்கள். அங்கேதான் என்று முடிவெடுத்தால் பேரம் பேசுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. காலியாகக் கிடக்கிற இருக்கையில் ஒரு பிள்ளை உட்கார்ந்தால் பள்ளிக்குக் கூடுதல் செலவு ஏறக்குறைய இல்லை, வரவு மட்டும்தான். இது நிர்வாகத்துக்கு உங்களை விட நன்றாகத் தெரியும். உடன்பிறந்தவர் சலுகை, தவணை, மூன்று வருடத்துக்குக் கட்டண உயர்வுக்கு ஒரு உச்சவரம்பு, எதையும் கேட்கலாம். ஆனால் இரண்டு மூன்று வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், தள்ளாடுகிற பள்ளிக்கு நீங்களே கடன் கொடுத்த மாதிரி ஆகிவிடும். சேர்க்கை முன்பணம் கட்டினாலும், எந்தத் தேதி வரை திருப்பித் தருவார்கள் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள், அலுவலகத்தில் வாயால் சொன்னது போதாது.