பிஎச்பியிலிருந்து பைத்தானுக்கு: கேள்வி பதில்

கேள்வி: பிஎச்பியில் எழுதிய எட்டு வருடப் பழைய பில்லிங் தளத்தை ஜாங்கோவுக்கு (பைத்தானில் இணையதளம் கட்டும் ஃப்ரேம்வொர்க்) மாற்ற வேண்டும். மொத்தமாகப் புதிதாக எழுதிவிடலாமா சார்?

பதில்: வேண்டாம். வரும் ரிக்வெஸ்ட்டுகளைப் பிரித்து அனுப்பும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸை முன்னால் நிறுத்தி, ரிப்போர்ட் பக்கங்களை மட்டும் ஜாங்கோவை ஓட்டும் சர்வரான கூனிகார்னுக்குத் திருப்புங்கள். அவை டேட்டாபேஸைப் படிக்க மட்டுமே செய்யும், எதையும் கெடுக்காது. மற்றவை பழையபடி பிஎச்பிக்கே போகட்டும். இருக்கும் டேபிள்களுக்கு ஜாங்கோவின் இன்ஸ்பெக்ட்டிபி கட்டளை மாடல் (டேபிளைக் குறிக்கும் பைத்தான் கிளாஸ்) எழுதித் தரும். அதிலுள்ள 'மேனேஜ்டு' ஃபால்ஸாகவே இருக்கட்டும். ட்ரூ ஆக்கினால் பிஎச்பி நம்பியிருக்கும் டேபிள்களில் ஜாங்கோவின் மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாற்றும் வேலை) கைவைக்கும்.

கேள்வி: கணக்கை அப்படியே எழுதியும் சில பில்லில் ஒரு ரூபாய் குறைகிறதே?

பதில்: ரவுண்ட் செய்யும் இடத்தைப் பாருங்கள். 2.5-ஐ பிஎச்பி 3 ஆக்கும், பைத்தான் 2 ஆக்கும். சரிபாதி வந்தால் பைத்தான் இரட்டை எண் பக்கம் சாயும். பணத்துக்கு பைத்தானின் டெசிமல் வகையை எடுத்து, அதை ரவுண்ட் செய்யும் குவான்டைஸில் ரவுண்ட்_ஹாஃப்_அப் (சரிபாதியை மேலே ஏற்றும் முறை) கொடுங்கள். -7 % 3 (வகுத்த மீதி) என்பதும் பிஎச்பியில் -1, பைத்தானில் 2. "0" என்ற ஸ்ட்ரிங் பிஎச்பியில் ஃபால்ஸ், பைத்தானில் ட்ரூ. ஃபார்மிலிருந்து நேரே வருவதெல்லாம் ஸ்ட்ரிங்தான் என்பதால் இஃப் போட்ட இடங்களைத் தேடிப் பாருங்கள். "5" + 3 போட்டால் பைத்தானில் டைப்எரராவது வரும். ஆனால் ரவுண்ட், %, "0" ஆகிய மூன்றும் சத்தமில்லாமல் தப்பு செய்யும்.

கேள்வி: ஒருவர் லாகின் செய்தால் இன்னொருவர் பெயர் வருகிறது!

பதில்: பயனரை மாட்யூல் அளவிலான மாறியில் (ஃபங்ஷனுக்கு வெளியே, ஃபைல் முழுதுக்கும் பொதுவானது) போட்டிருப்பீர்கள். பிஎச்பியில் ரிக்வெஸ்ட் முடிந்ததும் மாறிகள் அழிந்துவிடும். கூனிகார்னின் ஒர்க்கரோ (ரிக்வெஸ்ட்டுகளைக் கவனிக்கும் ப்ராசஸ்) உயிரோடிருந்து, அதே மதிப்பை அடுத்தவருக்கும் கொடுக்கும். பயனர் விவரம் ரிக்வெஸ்ட் வழியாகவே போக வேண்டும். ஃபங்ஷனின் டீஃபால்ட் மதிப்பாக [] (காலி லிஸ்ட்) கொடுத்தாலும் இதே வினைதான்.

கேள்வி: பழைய பாஸ்வேர்டுகளை ரீசெட் செய்யச் சொல்லவா?

பதில்: பிஎச்பியின் பாஸ்வேர்ட்_ஹாஷ் ஃபங்ஷன் தந்த பிகிரிப்ட் (bcrypt) ஹாஷ், அதாவது பாஸ்வேர்டை மறைத்துச் சேமித்த வடிவம், என்றால் தேவையில்லை. பழைய ஹாஷின் முன்னால் பிகிரிப்ட் என்ற பெயரும் ஒரு $ குறியும் சேர்த்துச் சேமியுங்கள். ஜாங்கோவின் ஹேஷர் (ஹாஷ் செய்து சரிபார்க்கும் முறை) பட்டியலின் கடைசியில் பிகிரிப்ட்பாஸ்வேர்ட்ஹேஷரைச் சேருங்கள். டீஃபால்ட்டாக இருக்கும் எஸ்எச்ஏ256 பிகிரிப்ட் இதற்குப் பொருந்தாது. முதல் லாகினில் ஜாங்கோவே புது முறைக்கு மாற்றிக்கொள்ளும்.

கேள்வி: பிஎச்பியில் ஒரு நிமிடம் ஓடிய ரிப்போர்ட் இங்கே பாதியில் செத்துப்போகிறது.

பதில்: லினக்ஸில் பிஎச்பியின் 30 விநாடி வரம்பு, டேட்டாபேஸுக்காகக் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கில் எடுக்காது. கூனிகார்ன் எடுக்கும், 30 விநாடி தாண்டினால் ஒர்க்கரைக் கொன்றுவிடும். நிரந்தர வழி, அந்த வேலையைப் பின்னணியில் வேலைகளை ஓட்டும் செலரிக்குத் தள்ளுவது. அதுவரை கூனிகார்னின் டைம்அவுட்டை 120 ஆக்குங்கள். என்ஜின்எக்ஸின் ப்ராக்ஸி_ரீட்_டைம்அவுட்டும் 60 விநாடிதான், அதையும் சேர்த்து ஏற்ற வேண்டும்.