கூட்டத்தில் நிற்கும்போது நமக்கு என்ன நடக்கிறது? – ரீச்சரிடம் கேட்டவை

கிளிநொச்சியில் உளவியல் படிப்பிக்கிறேன். இந்தக் கிழமை வந்த கேள்விகளில் நாலுக்குப் பதில்.

ரீச்சர், முறிகண்டிக்குக் கிட்ட ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளோடு ஒருவர் விழுந்து கிடந்தார். இருபது பேர் நின்றோம், ஒருவரும் தூக்கவில்லை. எங்கள் சனத்துக்கு இரக்கம் செத்துப்போச்சா?

இல்லை தம்பி. இரக்கம் இருந்தது, பொறுப்புத்தான் இருபதாகப் பிரிந்துபோனது. 1968இல் லட்டானே, டார்லி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஆட்கள் இருந்த அறைக்குள் புகையை விட்டுப் பார்த்தார்கள். தனியே இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேர் எழும்பிப் போய்ச் சொன்னார்கள். சொல்லிவைத்தபடி அசையாமல் இருந்த இரண்டு பேர் பக்கத்தில் இருந்தபோது நூற்றுக்கு 10 பேர்தான். மற்றவன் பேசாமல் நிற்கிறான், அப்ப பெரிதாக ஒன்றும் இல்லையாக்கும் என்று ஒவ்வொருவரும் நினைப்பதுதான் காரணம். அடுத்த முறை “யாராவது வாங்கோ” என்று கத்தாதீர்கள். “நீலச் சேட்டு அண்ணை, நீங்கள் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ” என்று ஆளைக் காட்டிச் சொல்லுங்கள்.

சிரமதானத்துக்கு ஐம்பது பேர் வந்தும் வாய்க்கால் பாதிதான் துப்புரவானது. ஏன்?

ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு விவசாயப் பொறியியலாளர் கயிறு இழுக்கவிட்டு அளந்தது இதைத்தான்: எட்டுப் பேர் சேர்ந்தால் ஆளுக்குரிய பலத்தில் பாதியளவுதான் வந்தது. காலபோக நெல் விதைப்புக்கு முன்னர், ஆளுக்குள்ள வயல் ஏக்கர் கணக்குக்கு வாய்க்காலை அடி அளந்து, தடி நட்டு, “இது உன்ரை துண்டு” என்று காட்டிய பழைய கமக்காரருக்கு இது முதலே தெரியும்.

இரண்டு விளையாட்டுக் கழகப் பெடியளும் கண்டால் அடிபடுகிறார்கள். ஒன்றாக விருந்து வைக்கலாமா?

விருந்து மட்டும் வைத்தால் காணாது. 1954இல் செரீப் என்பவர் ஒக்லஹோமாவில் 22 சிறுவர்களை இரண்டு அணியாக்கிப் போட்டிக்கு விட, ஒரு அணி மற்றதன் கொடியை எரிக்கும் அளவுக்குப் போனது. ஒன்றாகச் சாப்பிட வைத்தார், சாப்பாட்டை எடுத்து எறிந்தார்கள். தண்ணீர் நின்றுபோய் எங்கே பழுது என்று எல்லோருமாகத் தேடவேண்டி வந்தபோதும், ஓடாமல் நின்ற லொறியை எல்லோரும் கயிறு கட்டி இழுத்தபோதும்தான் கோபம் மெல்ல இறங்கியது. 2018 மார்கழி வெள்ளத்தில் நாங்கள் தங்கிய பள்ளிக்கூடத்தில், அதற்கு முந்தின மாதம் மண்டை உடைத்துக்கொண்ட இரண்டு பெடியள் ஒரே அரிசி மூட்டையின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் வந்ததைப் பார்த்தேன். அவர்களுக்குச் சேர்ந்து செய்ய ஒரு வேலை கொடுங்கள்.

குழுக்கடன் கூட்டத்தில் ஒரு தங்கச்சியால் அந்தக் கிழமைக் காசு கட்ட ஏலவில்லை. எல்லோரும் ஏசினோம். எனக்கு அவள் பாவம் என்று தெரியும், ஆனாலும் நானும் ஏசினேன். நான் கெட்டவளா ரீச்சர்?

இல்லை அக்கா. உங்கள் கேள்வியை மூன்று தரம் வாசித்தேன். நானும் அப்படி ஒரு முற்றத்தில் இருந்திருக்கிறேன். மாமரத்துக்குக் கீழே பாய், கொப்பியோடு கதிரையில் காசு சேர்க்க வந்தவர், பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே தலை நிமிராமல் இருந்த ஒரு பெண். நான் ஏசவில்லை, ஆனால் வாயும் திறக்கவில்லை. இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது.

ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும் என்ற ஏற்பாடே அயலவரை அயலவருக்கு எதிராகத் திருப்புகிறது. அதோடு, 1951இல் அஷ் என்ற உளவியலாளர் செய்த பரிசோதனையில், கோடுகளில் எது சமம் என்று கண்ணுக்கு நேரே தெரிந்தும், மற்றவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தபடி பிழையாகச் சொன்னதால் நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூடவே பிழையாகச் சொன்னார்கள். கோட்டுக்கே அப்படி என்றால், வீட்டுக் காசு போகுமென்ற பயத்துக்கு எப்படி இருக்கும்? ஆனால் ஒரேயொருவர் சரியாகச் சொன்னாலே அந்தப் பிழை காற்பங்காகக் குறைந்தது.

அதனால் அடுத்த கூட்டத்துக்கு முதல், உங்களைப் போல மனம் நொந்த இன்னொருத்தியை, கிணற்றடியிலோ கடையடியிலோ பிடித்துக் கதையுங்கள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருங்கள். ஏச்சுத் தொடங்கினவுடன் ஒருவர் “அவளுக்கு இரண்டு கிழமை தவணை கேட்போம்” என்று சொல்ல, மற்றவர் உடனே “ஓம், கேட்போம்” என்று சொல்லவேண்டும். முதலில் அந்தத் தங்கச்சி வீட்டுக்கு ஒருக்கால் போய்விட்டு வாருங்கள்.