பாடத்தை ஒப்பிக்கிறான், வாசலில் கிடக்கும் கல் தெரியவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: என் மகன் காட்பாடியில் எட்டாம் வகுப்பு படிக்கிறான். போன வருடம் புவியின் உள்ளமைப்பு, இந்த வருடம் பாறையும் மண்ணும். "தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை" என்று கடகடவென ஒப்பிக்கிறான். வாசலில் கிடக்கும் கல் இதில் எந்த வகை என்று கேட்டால் முழிக்கிறான். நானும் அவன் அப்பாவும் இதெல்லாம் படித்தவர்கள் இல்லை. டியூஷன் வைக்கலாமா, இல்லை ஆன்லைனில் விற்கும் பாறை மாதிரிப் பெட்டி ஒன்று வாங்கித் தரலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா. ஒரு லென்ஸ் மட்டும் வாங்குங்கள், பத்து மடங்கு பெரிதாகக் காட்டுவது போதும். மற்றதெல்லாம் உங்கள் ஊரில் காலடியிலேயே கிடக்கிறது. பெட்டியில் வரும் கல்லுக்கு ஊர் கிடையாது. அது எங்கே கிடந்தது, பக்கத்தில் என்ன இருந்தது என்று பையன் கேட்க முடியாது. புவியியலில் பாதி விஷயம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

உங்கள் மகனுக்கு மூளையில் குறை எதுவும் இல்லை. பூமியின் உள்பக்கம் ஒரு வருடம், பாறை அடுத்த வருடம் என்று பாடம் பிரிந்து வருவதால், இரண்டும் ஒரே கதை என்பது பிள்ளைகளுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. வேலூர்ப் பக்கத்துக் கருங்கல், பல கிலோமீட்டர் ஆழத்தில் உருவாகி மேலே வந்தது. பூமியின் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கும் பிள்ளையின் கையில், உள்ளே இருந்து வந்த துண்டையே கொடுத்துவிடலாம். அங்கிருந்து தொடங்குங்கள்.

மலையடிவாரத்தில் கிடக்கும் உடைந்த கருங்கல் ஒன்றை எடுத்துவரச் சொல்லுங்கள். கையளவு போதும், ஆனால் புதிதாக உடைந்த முகம் ஒன்று இருக்க வேண்டும். வெயிலும் மழையும் பட்ட வெளிப்பக்கம் எல்லாக் கல்லிலும் அழுக்குப் பழுப்பாகத்தான் இருக்கும். உடைந்த முகத்தை நனைத்து, வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்க்கட்டும். கண்ணாடித் துண்டு மாதிரி மங்கலாக மின்னுவது குவார்ட்ஸ், நம் ஊரில் வெங்கச்சங்கல் என்பார்கள். பால் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ, தட்டையான முகம் காட்டுவது ஃபெல்ட்ஸ்பார். ஊசி முனையால் நெம்பினால் ஏடு ஏடாகப் பிரியும் கருப்புப் பொட்டு மைக்கா. காக்காப்பொன் என்று சிறுவயதில் பொறுக்கியிருப்பீர்களே, அதன் இனம்தான். ஒரே கல்லுக்குள் மூன்று பொருள் இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிள்ளை, "பாறை என்பது கனிமங்களின் கலவை" என்ற வரியை அப்புறம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

அடுத்து அந்தப் பொட்டுகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்க்கட்டும். எள்ளும் அரிசியும் கலந்து கொட்டியது போல இறைந்து கிடந்தால் கிரானைட், உருகிய குழம்பு ஆழத்தில் மெல்ல ஆறி இறுகியது, தீப்பாறை. கருப்பும் வெள்ளையும் கோடு கோடாக, வரிவரியாக ஓடினால் அது நைஸ் என்னும் உருமாறிய பாறை. ஏற்கெனவே பாறையாக இருந்தது, ஆழத்தின் சூட்டிலும் அழுத்தத்திலும் உருகாமலே மாறியது. உங்கள் பக்கத்தில் இந்த வரிக்கல்தான் நிறையக் கிடைக்கும். வயது சுமார் 250 கோடி ஆண்டு. இமயமலை எழத் தொடங்கி 5 கோடி ஆண்டுதான் ஆகிறது. நான் பாடம் நடத்திய பள்ளியில் ஒரு பெண் பிள்ளை மறுநாள் ஓடி வந்து, "சார், எங்க வீட்டு அம்மிக்கல்லுலயும் கோடு இருக்கு, சாய்வா ஓடுது" என்றாள். அம்மியைத் தினமும் பார்க்கிற பிள்ளை அன்றுதான் அதன் கோட்டைப் பார்த்திருக்கிறாள். உங்கள் வீட்டில் அம்மியோ ஆட்டுக்கல்லோ இருந்தால் கழுவிவிட்டு நீங்களும் பாருங்கள்.

சமையல் மேடைக் கல்லைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கடையில் பிளாக் கிரானைட் என்று விற்பது பெரும்பாலும் கிரானைட்டே அல்ல, டோலரைட் போன்ற வேறு தீப்பாறை. வணிகப் பெயர் வேறு, பாறையின் பெயர் வேறு. அந்த மேடையில் எலுமிச்சைச் சாறு சிந்தினாலும் கல் அசையாது. மார்பிள் கடையில் கேட்டு ஒரு உடைந்த துண்டு வாங்கிச் சொட்டுவிட்டால், லென்ஸில் சிறு குமிழிகள் தெரியும். முட்டை ஓட்டிலும் அப்படித்தான். இரண்டிலும் இருப்பது கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல் உருமாறினால் மார்பிள்.

வெங்கச்சங்கல் இரண்டு கிடைத்தால், இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஒன்றோடொன்று அழுத்தி உரசச் சொல்லுங்கள். கல்லுக்குள் மங்கலான வெளிச்சம் எழும், ஒரு கருகல் வாடையும் வரும். ஓங்கி அடிக்க வேண்டாம், சில்லு கண்ணில் தெறிக்கும்.

சரி, ஆழத்தில் இருந்த கல் மேலே எப்படி வந்தது? பையன் இதைக் கேட்டானென்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்டான். அதன் மேல் இருந்த பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தேய்ந்து கரைந்து போய்விட்டது, அதனால் உள்ளே இருந்தது வெளியே தெரிகிறது. தேய்ந்ததெல்லாம் எங்கே போனது? பாலாற்றைக் காட்டுங்கள். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரம் வழியாக வந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலில் சேர்கிற ஆறு. ஒரு பிடி மணலை வெள்ளைத் தாளில் பரப்பி லென்ஸில் பார்த்தால், கருங்கல்லில் பார்த்த அதே குவார்ட்ஸ், அதே ஃபெல்ட்ஸ்பார் தனித்தனியாகக் கிடக்கும். காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மணலில் துழாவினால் கருப்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டு வரும். மேக்னடைட் என்னும் இரும்புக் கனிமம் அது. ஆற்றில் தண்ணீர் ஓடும்போதும், மணல் அள்ளிய பள்ளங்களுக்குப் பக்கத்திலும் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். வீடு கட்டும் இடத்தில் ஒரு பிடி கேட்டு வாங்கினாலும் போதும், ஆனால் ஆற்று மணலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது பல இடங்களில் கல்லை அரைத்த எம் சாண்ட்தான் கொட்டிக் கிடக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. ஆற்று மணலின் முனை மழுங்கியிருக்கும், எம் சாண்டின் முனை கூராக இருக்கும். ஆறு உருட்டிய தூரம் அந்த மழுங்கலில் தெரியும்.

பாறை உடைவதற்குப் புத்தகத்தில் முதலில் வருவது பகல் வெயில், இரவுக் குளிர். வேலூர் வெயிலைப் பார்த்தவர்களுக்கு அது உடனே பிடித்துப்போகும். ஆனால் பெரிய வேலையைச் செய்வது தண்ணீர் என்பது என் கருத்து. மழைநீர் வெடிப்பில் இறங்கி ஃபெல்ட்ஸ்பாரை மெல்லக் களிமண்ணாக மாற்றுகிறது. மூலைகளில் இரண்டு மூன்று பக்கத்திலிருந்தும் அரிப்பு நடப்பதால் மூலை முதலில் போகிறது, சதுரப் பாறை உருண்டையாகிறது. உங்கள் மலைகளின் உச்சியில் யாரோ அடுக்கி வைத்தது போல நிற்கிற குண்டுப் பாறைகள் அப்படி வந்தவைதான்.

படிவுப் பாறையை மட்டும் உங்கள் ஊரில் தேடி அலைய வேண்டாம். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரைக்கு ஒரு நாள் போய்வாருங்கள். கல்லாகிப் போன மரங்களைக் கண்ணெதிரே பார்க்கலாம். அதுவரை, படிவு அடுக்கடுக்காகச் சேர்வதை வீட்டிலேயே பார்க்க, ஒரு பாட்டிலில் ஏரி மண் அரைப் பங்கு, தண்ணீர் அரைப் பங்கு ஊற்றிக் குலுக்கி வையுங்கள்.

இப்போது மொட்டை மாடிக்குப் போகலாம். 64 செ.மீ. கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையில் சாக்பீஸ் கட்டி வட்டம் போடுங்கள். 1 செ.மீ. என்பது 100 கி.மீ. பூமியின் ஆரம் 6,371 கி.மீ., கணக்கு சரியாக வரும். வெளிக்கோட்டிலிருந்து உள்நோக்கி 29 செ.மீ. அளந்தால், மேலோட்டுக்குக் கீழே இருக்கும் கவசம் முடிந்து, பூமியின் நடுப்பகுதியான கருவம் தொடங்கும். இன்னும் இருபத்திரண்டரை செ.மீ. போனால் உட்கருவம். நாம் நிற்கிற புவி மேலோடு? கண்டங்களுக்கு அடியில் சராசரி 35 கி.மீ., அதாவது 3.5 மி.மீ. சாக்பீஸ் கோட்டின் தடிமனிலேயே முடிந்துவிடும். மனிதன் தோண்டிய மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலாவில் இருக்கிறது, 12,262 மீட்டர். அது இந்தக் கணக்கில் 1.2 மி.மீ.தான். ஏலகிரியை வரைய முடியுமா என்று பையனே கேட்பான், கேட்கட்டும்.

இங்கே ஒரு தவறான எண்ணம் பிள்ளைகளிடம் ஒட்டிக்கொண்டிருக்கும்: மேலோட்டுக்குக் கீழே எல்லாம் கொதிக்கிற குழம்பு என்று. படங்களில் சிவப்பாகத் தீட்டுவதால் வருவது. கவசம் பெரும்பாலும் திடப் பாறை, ஆனால் மிக மெதுவாக நகரக்கூடியது. கரண்ட் போனால் எடுக்க வைத்த மெழுகுவர்த்தி கத்திரி வெயிலில் உருகாமலே வளைந்து கிடக்குமே, அதைக் காட்டுங்கள். உண்மையில் திரவமாக இருப்பது வெளிக்கருவம், உருகிய இரும்பும் நிக்கலும்.

யாரும் போகாத இடம் எப்படித் தெரிந்தது என்ற கேள்வியைப் பையன் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். சந்தையில் பானையைச் சுண்டிப் பார்த்து விரிசலைக் கண்டுபிடிக்கிறோம். நிலநடுக்கம் பூமியைச் சுண்டுகிறது. அதில் ஒரு வகை அலை திரவத்துக்குள் போகாது. பெரிய நடுக்கம் வந்தால் பூமியின் மறுபக்கத்தில் அந்த அலை வந்து சேராமல் போவதை வைத்துத்தான் உள்ளே திரவம் இருப்பது தெரிந்தது. அதற்குள் மறுபடியும் வேறொரு கருவம் இருப்பதை 1936-ல் டென்மார்க்கின் இங்கே லேமன் என்ற பெண் அலைகளைப் படித்துக் கண்டுபிடித்தார். உங்கள் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 2021 நவம்பர் 29 அதிகாலையில், வேலூருக்கு மேற்கே தென்மேற்காக ஏறக்குறைய 60 கி.மீ. தள்ளி 3.6 அளவில் ஒரு சிறு அதிர்வு பதிவானது. பழைய பாறை என்பதால் அசையவே அசையாது என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்.

தேர்வைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் கவலை இருக்கும். மேலே சொன்னதையெல்லாம் ஒரே வாரத்தில் திணிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று போதும். செய்த பிறகு அந்தப் பாடத்தை அவனே ஒரு முறை வாசித்து, எந்த வரியைத் தான் கண்ணால் பார்த்தான் என்று பென்சிலால் கோடு போடட்டும். கோடு விழாத வரிகளை மட்டும் தேர்வுக்கு முன் உட்கார்ந்து படித்தால் போதும், அவை அதிகம் இருக்காது.

குலுக்கி வைத்த பாட்டிலை மறந்துவிடாதீர்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்கார்ந்துவிடும், அதன் மேல் வண்டல் சில மணி நேரத்தில் படியும், களிமண் மறுநாள் வரை மிதக்கும். காலையில் ஸ்கூலுக்குக் கிளம்பும் முன் பாட்டிலை அசைக்காமல் எத்தனை அடுக்கு என்று எண்ணிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.