மருந்துக்கடைக்காரர் பதில்கள்

கேள்வி: என் கணவர் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறவர். நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்து, மரபணுப் பரிசோதனைக்குப் பிறகு டாக்டர் ஆசிமெர்டினிப் மாத்திரை எழுதியிருக்கிறார். விலையைக் கேட்டு ஆடிப்போய்விட்டோம். கம்பெனியே பாதி மாத்திரையை இலவசமாகத் தரும் என்கிறார்களே, உண்மையா? யாரிடம் கேட்பது?
– வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: விலை உயர்ந்த பல புற்றுநோய் மருந்துகளுக்குக் கம்பெனி ஸ்கீம் இருப்பது உண்மைதான், அம்மா. ஆனால் கடையில் கேட்டுப் பயனில்லை. ஐந்து ரோடு பக்கம் நானும் ஒரு மருந்துக்கடைதான் வைத்திருக்கிறேன், என்னால் அதைத் தர முடியாது. டாக்டர் கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்தால்தான் உண்டு.

முதல் பெட்டியை வாங்கும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். பல ஸ்கீம்கள் 'இத்தனை வாங்கினால் இத்தனை இலவசம்' என்ற கணக்கில் ஓடுகின்றன. பதிவு செய்த பிறகு, கம்பெனி சொல்லும் ஸ்டாக்கிஸ்டிடம் (மொத்த வியாபாரியிடம்) வாங்கியதுதான் அந்தக் கணக்கில் சேரும். நகையை அடகு வைத்து அவசரமாக வாங்கிவிட்டு, பிறகு வந்து பில்லை நீட்டுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

மருந்துச் சீட்டு, பரிசோதனை ரிப்போர்ட், ஆதார், சில ஸ்கீம்களில் வருமானச் சான்று எல்லாம் கேட்பார்கள். பெயரைச் சரிபாருங்கள். ஆதாரில் 'முருகேசன்', சீட்டில் 'முருகேஷ்' என்று இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். பில்லில் நோயாளி பெயர், டாக்டர் பெயர், பேட்ச் நம்பர் மூன்றும் இருக்க வேண்டும். தீர்ந்த ஸ்ட்ரிப்பையும் தூக்கிப் போடாதீர்கள், காலி அட்டையைத் திருப்பிக் கேட்கிற ஸ்கீம்களும் உண்டு. 'பதிவு பண்ணித் தருகிறேன், இவ்வளவு கொடுங்கள்' என்று யாராவது வந்தால் ஒரு பைசா கொடுக்காதீர்கள். பில் இல்லாமல் மலிவாக வரும் வெளிநாட்டு அட்டையையும் தொடாதீர்கள்.

அப்புறம், ஜெனரிக், அதாவது அதே மருந்தை வேறு கம்பெனி மலிவாகச் செய்தது, இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மாத்திரையை நோவார்ட்டிஸ் கம்பெனி, மேக்ஸ் ஃபவுண்டேஷன் மூலம் நம் நாட்டு நோயாளிகள் பலருக்கு இலவசமாகவே கொடுத்து வந்தது. 2013 ஏப்ரலில் அந்த மருந்துக்குக் காப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிளிவெக்கில் உள்ள அதே மருந்து, இமாட்டினிப் என்ற பெயரில், இன்று ஜெனரிக்காகப் பல மடங்கு மலிவாகக் கிடைக்கிறது. கம்பெனிச் சலுகை போக மிஞ்சும் விலையைவிட ஜெனரிக்கின் முழு விலையே குறைவாக இருக்கும் மருந்துகள் உண்டு. உங்கள் மாத்திரைக்கு 2024 ஜூலை பட்ஜெட்டில் சுங்க வரியை எடுத்துவிட்டார்கள். யாரோ சொன்ன பழைய விலையை நம்பாமல் புதிதாக விசாரியுங்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதல்வர் காப்பீட்டு அட்டையையும் கையோடு எடுத்துவிடுங்கள். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். இந்த மாத்திரை அதில் வருமா என்பதை மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். சிகிச்சையைத் தனியாரிடமே தொடர்ந்தாலும் அங்கே ஒருமுறை ரிப்போர்ட்டைக் காட்டுவதில் நஷ்டமில்லை.

கேள்வி: அமெரிக்காவில் இன்சுலின் கம்பெனிகளே உதவி செய்கின்றனவாமே. டெக்சாஸில் இருக்கும் என் மகன் அங்கே பதிவு செய்து எனக்கு அனுப்ப முடியுமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: முடியாது ஐயா. இன்சுலின் தயாரிக்கும் லில்லி கம்பெனி 2023-ல் நோயாளி தரவேண்டிய தொகைக்கு மாதம் 35 டாலர் என்று வரம்பு வைத்தது உண்மைதான். ஆனால் அந்தச் சலுகை அங்கே வசிக்கும் நோயாளிக்கு, அங்குள்ள டாக்டர் சீட்டுக்கு மட்டும். அப்படியே வந்தாலும் குளிர் கெடாமல் ஏற்காடு வந்து சேர வேண்டுமே! உங்களுக்கு அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசம். விலைக்குத்தான் வாங்குவேன் என்றால் டவுனுக்கு வரும்போது மக்கள் மருந்தகத்தில் கேளுங்கள். பிளாஸ்கில் ஐஸ் போட்டுக்கொண்டு வாருங்கள், மருந்து ஐஸில் நேராகப் படாமல் துணியில் சுற்றி வையுங்கள். உறைந்த இன்சுலின் எதற்கும் ஆகாது.