ரிஃப்ரெய்ன் ஒண்டில்ல, ரெண்டு

வணக்கம் சேர்,
நான் அக்கரைப்பற்று. ஆஸ்பத்திரி போர்ட் ஒண்டில "புகைத்தலைத் தவிர்ந்து கொள்ளவும்" எண்டதுக்குக் கீழ இங்கிலீஷில ரிஃப்ரெய்ன் எண்டு கிடந்திச்சு. மகளுக்குச் சொல்லிக்குடுக்க டிக்சனரியப் பாத்தா, அதே சொல்லுக்குப் பாட்டில திரும்பத் திரும்ப வாற வரி எண்டும் போட்டிருக்கு. அந்த வரி நம்மளப் புடிச்சு நிப்பாட்டுறதாலதான் இந்தப் பேரோ?

தங்கச்சி,
விளக்கம் வடிவாத்தான் கிடக்கு, ஆனா சரிவராது. ரெண்டும் லத்தீனில வெவ்வேற வீட்டுப் புள்ளையள், பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்து சேரக்குள்ள எழுத்தும் உச்சரிப்பும் ஒண்டாப் போயிட்டு, அவ்வளவுதான்.

போர்ட்டில இருக்கிறதுக்கு அடி 'ஃப்ரேனும்', குதிரைக்குப் போடுற கடிவாளம். 'ரெ' எண்டா பின்னுக்கு. கடிவாளத்தப் பின்னுக்கு இழுத்துக் குதிரையப் புடிக்கிறதுதான் 'ரெஃப்ரேனாரே', 14ஆம் நூற்றாண்டில இங்கிலீஷுக்குள்ள வந்திட்டு. கார் பிரேக்குக்கு பிரெஞ்சில இண்டைக்கும் அந்த அடியில வந்த சொல்தான். முந்தி நாக்கை, உதட்டையெல்லாம் ரிஃப்ரெய்ன் பண்ணலாம். நீதிமொழிகள் 10:19இல "தன் உதடுகளை அடக்குகிறவனோ புத்திமான்" எண்டு வருதே, 1611 இங்கிலீஷ் பைபிளில அந்த இடத்தில இந்தச் சொல்தான் நிக்குது. இப்ப அப்பிடி எழுதுறேல்ல, ஆள் தானாத் தன்னைப் புடிச்சுக்கொள்றதுக்கு மட்டும்தான். மத்தவன் புடிச்சு அமத்தினா அது ரெஸ்ட்ரெய்ன், அதுக்கு அடி 'ஸ்ட்ரிங்கெரே', இறுக்கிறது.

அதால 'தவிர்க்கவும்' எண்டதவிட நம்மட ஆக்கள் போடுற 'தவிர்ந்து கொள்ளவும்' நல்ல பொருத்தம், அந்தக் 'கொள்' தன்பக்கம் திருப்புது. ஆனா இலங்கையில 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரச் சட்டப்படி ஆஸ்பத்திரிக்குள்ள புகைக்கிறதே குற்றம், பிறகென்ன இவ்வளவு மரியாதை, 'தடை' எண்டு போட்டா முடிஞ்சுதே!

மறுகா பாட்டு ரிஃப்ரெய்ன். அது 'ஃப்ராங்கெரே', உடைக்கிறது எண்ட அடியில வந்தது, எலும்பு முறிஞ்சா டொக்டர் சொல்ற ஃப்ரக்சர், கணக்கில வாற ஃப்ரக்சன் எல்லாம் அதுக்குச் சொந்தம். பாட்டு ஓடிக்கொண்டிருக்கக்குள்ள பழைய வரி வந்து குறுக்க முறிக்குது. நம்மட கூத்துக் களரியில ஆட்டக்காரர் தருவ, அதாவது கூத்துப் பாட்டப் படிச்சு விட, பிற்பாட்டுக்காரர் அதே வரிய வாங்கிப் படிப்பாங்களே, அந்த மாதிரி இடம்தான், ஆடுறவருக்கும் மூச்செடுக்க ஒரு இடைவெளி கிடைக்கும்.

மகளுக்கு இன்னொண்டும் காட்டுங்க. பெரிய டிக்சனரிகளில ஒரே எழுத்தில ரெண்டு சொல் வந்தா, தலைச்சொல்லுக்கு மேல பொடி எழுத்தில 1, 2 எண்டு போட்டுத் தனித்தனியாக் குடுத்திருப்பாங்க, ஒரு சொல்லுக்குப் பல கருத்தெண்டா ஒரே தலைச்சொல்லுக்குள்ளயே நம்பர் வரும்.