தீயின் மேல் போட்ட பழி – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

1840களின் அயர்லாந்து உருளைக்கிழங்குப் பஞ்சத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை என் மனைவிக்கும் மாமியாருக்கும் வாசித்துப் பொருள் சொன்னேன். மனைவி பாஸ்டனில் பிறந்தவள். அவளுடைய அம்மாவின் கொள்ளுத்தாத்தா 1850 வாக்கில் அயர்லாந்தின் மேயோ கவுண்டியிலிருந்து கப்பலேறி வந்த கத்தோலிக்கர். அவருடைய ஜெபப் புத்தகத்தின் முதல் தாளில் ஓர் ஊரின் பெயர் பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது. அது எந்த வரைபடத்திலும் இல்லை. குவீன்ஸ்டவுன்தான் பூர்வீகம் என்று உறவினர் சிலர் சொல்கிறார்கள். மரபணுச் சோதனை செய்து பார்த்துவிட்டோம். குடும்பப் பெயருக்கான கேடய முத்திரை ஒன்றையும் வாங்கி மாட்டியிருக்கிறோம். 1922 தீயில் அயர்லாந்தின் ஆவணங்கள் எல்லாம் எரிந்துவிட்டன, இனித் தேடிப் பயனில்லை என்று விவரம் தெரிந்த ஒருவர் சொன்னார். வயதான என் மாமியார் அந்த ஊர் மண்ணில் ஒருமுறை நின்றுவிட வேண்டும் என்கிறார். எங்கே தொடங்குவது?

கே., பாஸ்டன்

அன்புள்ள கே,

உங்கள் மாமியாரின் ஆசை என்னைத் தொட்டது என்பது உண்மை. ஆனால் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ‘எல்லாம் எரிந்துவிட்டன’ என்ற வாக்கியம்தான். அந்த வாக்கியத்தோடு எனக்கு நெடுநாள் வழக்கு இருக்கிறது.

சில்லறை விஷயங்களை முதலில் ஒதுக்கிவிடுவோம். பிரபுக்களின் கேடய முத்திரையை, குத்தகைத் துண்டில் உருளைக்கிழங்கு போட்டுப் பிழைத்துப் பசியோடு கப்பலேறிய மனிதரின் பெயரால் சுவரில் மாட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது, கழற்றி வையுங்கள். மரபணுச் சோதனை உறவினரைக் காட்டுமே தவிர ஊரைக் காட்டாது. குவீன்ஸ்டவுன் என்பது கார்க் கவுண்டியின் கோவ் துறைமுகம், 1849ல் விக்டோரியா அரசி வந்து போனதையொட்டிச் சூட்டப்பட்ட பெயர். பஞ்ச காலத்தில் புறப்பட்டவர்களில் பெரும்பாலோர் லிவர்பூல் போய்த்தான் அமெரிக்கக் கப்பலைப் பிடித்தார்கள். பின்னால் வந்த உறவினர் யாராவது குவீன்ஸ்டவுனில் ஏறியிருப்பார்; ஏறிய துறை நாளடைவில் பிறந்த ஊராகிவிட்டது. இப்படிப்பட்ட குடும்பங்கள் ஏராளம்.

இனி தீக்கு வருகிறேன். 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போர் தொடங்கிய சில நாட்களிலேயே, டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. கருகிய தாள்கள் நகரத்தின் மேல் பறந்தன. சில துண்டுகள் நகருக்கு வெளியே கடலோரத்திலுள்ள ஹவுத் வரை போய் விழுந்தன. 1821 முதல் 1851 வரை எடுக்கப்பட்ட நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் வீட்டுப் படிவங்கள், தப்பிய சில கட்டுகள் நீங்கலாக, அன்று போயின. உயில்களும் போயின, புராட்டஸ்டண்ட் பிரிவான அயர்லாந்துத் திருச்சபையின் பதிவேடுகளில் ஏராளமானவையும் போயின. இழப்பு பெரிது, மறுக்கவில்லை. ஆனால் 1861, 1871 கணக்கெடுப்புப் படிவங்கள் எங்கே என்று உங்கள் விவரம் தெரிந்தவரைக் கேளுங்கள். அவற்றை எந்தத் தீயும் தொடவில்லை; கூட்டல் கழித்தலை முடித்துக்கொண்ட அரசாங்கமே அவற்றை அழித்தது. 1881, 1891 படிவங்கள் முதல் உலகப் போரின்போது, காகிதத் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டிக் கூழாக்கப்பட்டன. நாற்பதாண்டுக் கால மக்களின் பெயர்களை அலுவலக உத்தரவு ஒன்றும் இரண்டுமாகத் தின்று முடித்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தீக்கு நாளும் நேரமும் புகைப்படமும் இருக்கின்றன, உத்தரவுக்கு அவை இல்லை. ஆகவே எல்லாப் பழியும் தீயின் தலையில் விழுகிறது.

உங்கள் முன்னோர் விஷயத்தில் இந்தப் பழி இன்னும் அபாண்டமானது. அவர் உயில் எழுதக்கூடிய மனிதர் அல்லர். கத்தோலிக்கர் என்று எழுதியிருக்கிறீர்கள். கத்தோலிக்கப் பங்குகளின், அதாவது ஒவ்வொரு கோவிலையும் சார்ந்த வட்டாரங்களின், ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் அந்தக் கட்டடத்துக்குள் போகவே இல்லை. அவை பங்குக் குருக்களின் பொறுப்பிலேயே கிடந்ததால் பிழைத்தன. தேசிய நூலகம் அவற்றின் நுண்படங்களை 2015ல் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. மேற்கு அயர்லாந்தில் பல பங்குகளின் பதிவேடு தாமதமாகவே தொடங்குகிறது என்பது வேறு குறை. 1820களிலும் 30களிலும் எழுதப்பட்ட, திருச்சபைக்குக் கட்டவேண்டிய தசமபாக வரியின் கணக்கும், ரிச்சர்ட் கிரிஃபித் 1847 முதல் 1864 வரை வெளியிட்ட நிலமதிப்பீடும் கையில் இருக்கின்றன. இவற்றில் அவர் பெயர் கிடைக்காமல் போனால் அதற்குக் காரணம் எளியது: முன்னது நிலம் வைத்திருந்தவர்களின் கணக்கு, பின்னது மேயோவை எட்டியபோது அவர் அமெரிக்காவில் இருந்திருப்பார். எழுதப்படாத பெயரை எந்தத் தீயாலும் எரிக்க முடியாது.

ஊரின் பெயரும் அப்படித்தான். அயர்லாந்து முழுவதும் 60,000க்கும் மேற்பட்ட டவுன்லேண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பெயரில் டவுன் இருந்தாலும் அது நில எல்லை மட்டுமே; வீடே இல்லாத டவுன்லேண்டும் உண்டு. 1824ல் தொடங்கிய நில அளவைத் துறைக்காக ஜான் ஓடொனவன் 1830களில் கவுண்டி கவுண்டியாக நடந்து, முதியவர்களிடம் விசாரித்து, ஒவ்வொரு டவுன்லேண்டுக்கும் வரைபடத்தில் போடவேண்டிய எழுத்துக்கூட்டலைத் தீர்மானித்தார். மகத்தான உழைப்பு அது. ஆனால் டவுன்லேண்டுக்குள் இருந்த சிறு குடியிருப்புகளின் பெயர்கள் எல்லாம் வரைபடத்தில் ஏறவில்லை. மேயோ போன்ற மேற்குக் கவுண்டிகளில் மக்கள் வாழ்ந்தது கிளாகன் எனப்படும் வீட்டுக்கொத்துகளில்: பத்து, இருபது வீடுகள், கடையோ கோவிலோ கிடையாது, சுற்றியுள்ள நிலத்தைத் துண்டு துண்டாகப் பங்கிட்டு மாற்றி மாற்றிப் பயிரிடுவார்கள். நிலவுடைமையாளர்களுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. நிலத்தை நீளநீளப் பட்டைகளாக அளந்து, ஆளுக்கொரு பட்டையில் தனித்தனியே வீடு கட்டிக்கொள்ளச் சொல்லிப் பல கிளாகன்களைக் கலைத்தார்கள். மிஞ்சியவற்றைப் பஞ்சம் பார்த்துக்கொண்டது. பஞ்சத்துக்குச் சட்டமும் துணைபோயிற்று. நான்கு பவுண்டோ அதற்குக் குறைவாகவோ மதிப்பிடப்பட்ட குடிகளுக்கான ஏழை நிவாரண வரியை நிலவுடைமையாளரே கட்ட வேண்டும் என்றிருந்ததால், குடிசை குறையக் குறைய அவருக்கு வரி குறைந்தது. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் கிடையாது என்று 1847ல் விதி வந்தது. கஞ்சிக்காக நிலத்தை விட்டவர்கள் பலர் வீட்டையும் சேர்த்து இழந்தார்கள். ஓரறை மண்குடிசைகள் 1841ல் ஏறத்தாழ 4.9 லட்சம் இருந்தன. 1851ல் எண்ணியபோது ஏறத்தாழ 1.36 லட்சம். உங்கள் ஜெபப் புத்தகத்திலுள்ள பெயர் அந்த இடைவெளிக்குள் விழுந்த ஒரு கிளாகனுடையதாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

என் மகள் கால்வேயில் வேலை பார்த்த காலத்தில் மேயோவுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு விவசாயப் பெரியவர் தன் மேய்ச்சல் நிலத்தைக் காட்ட அழைத்துச் சென்றார். எனக்குப் புல்தான் தெரிந்தது. அவர் கைத்தடியால் ஒரு மூலையைச் சுட்டினார்: அங்கே மட்டும் நெட்டில் செடி இடுப்பளவு மண்டிக் கிடந்தது, நம் காஞ்சொறியைப் போல் பட்டால் அரிக்கிற செடி. ஆளும் மாடும் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய மண்ணில்தான் அது அப்படிச் செழிக்குமாம். செடியை விலக்கியபோது முழங்கால் உயரச் சுவர் தெரிந்தது. ஒரு முனையில் புகை படிந்து கறுத்த அடுப்புக் கல். சரிவில் மாலை வெயில் சாய்வாக விழுந்ததும், யாரும் தோண்டி எடுக்காமல் விட்ட உருளைக்கிழங்குப் பாத்திகளின் வரிகள் புல்லுக்கடியிலிருந்து எழும்பி வந்தன. அந்த மூலைக்கு என்ன பெயர் என்று கேட்டேன். சொன்னார். எழுதித் தரச் சொன்னேன். தன் தந்தை சொல்லிக் கேட்டதுதான், எழுதிப் பார்த்ததில்லை என்று சிரித்தார். டப்ளினில் எந்தக் கட்டடம் எரியாமல் இருந்திருந்தாலும் அந்தப் பெயர் அங்கே கிடைத்திருக்காது.

எந்தப் பெயர்தான் எழுத்தில் ஏறியது என்றால், பணமோ உறவோ தேவைப்பட்டு ஓர் ஏழை தன் ஊரைச் சொல்லியாக வேண்டியிருந்தபோது ஏறியது. 1908ல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது: எழுபது வயது நிறைந்தவருக்கு வாரம் 5 ஷில்லிங் வரை. அயர்லாந்தில் பிறப்புப் பதிவு 1864ல்தான் தொடங்கியது. ஆகவே அன்று எழுபது வயதான எவரிடமும் அரசுப் பிறப்புச் சான்று கிடையாது. அவர்கள் தங்கள் தாய் தந்தையரின் பெயரையும், தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும், சிறுவயதில் வாழ்ந்த டவுன்லேண்டையும் எழுதிக் கொடுத்து, 1841 அல்லது 1851 கணக்கெடுப்பில் தம்மைத் தேடித் தரும்படி விண்ணப்பித்தார்கள். காப்பக எழுத்தர் பழைய கட்டுகளை அவிழ்த்துத் தேடி, கண்டதையும் காணாததையும் படிவத்தில் குறித்தார். கட்டுகள் 1922ல் எரிந்தன. பச்சைப் படிவங்கள் என்று சொல்லப்படும் அந்த விண்ணப்பங்கள் பிழைத்துக்கொண்டன. அயர்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகம் அவற்றையும் இணையத்தில் வைத்திருக்கிறது. ஐந்து ஷில்லிங்குக்காக ஒரு கிழவி சொன்ன விவரம், சாம்பலான கணக்கெடுப்பின் ஒரு வரியை இன்றுவரை காப்பாற்றி வைத்திருக்கிறது. எல்லாம் எரிந்துவிட்டது என்பவர்கள் இதைப் பிரித்தாவது பார்த்திருக்கிறார்களா?

நீங்கள் கப்பலேறியவரையே துரத்திக்கொண்டிருக்கிறீர்கள். அமெரிக்கக் கணக்கெடுப்புகளும் அந்தக் காலக் குடியுரிமைத் தாள்களும் அவரைப் பெரும்பாலும் ‘அயர்லாந்து’ என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துவிடும். அவருடைய அண்ணன், தம்பி, தங்கை என்று கப்பலேறாமல் நின்றவர் யார்? அவர் 1909ல் உயிரோடு இருந்திருந்தால் பச்சைப் படிவத்தில் இருக்கக்கூடும். பாஸ்டனிலேயே இருந்துகொண்டு பாஸ்டன் பைலட் பத்திரிகையின் பெயரை உங்கள் கடிதத்தில் நீங்கள் குறிப்பிடாதது எனக்கு வியப்பாக இருக்கிறது, கொஞ்சம் கோபமாகவும் இருக்கிறது. 1831 முதல் 1921 வரை, தொலைந்த உறவினரைத் தேடி ஐரிஷ் மக்கள் கொடுத்த விளம்பரங்கள் அதில் வந்தன. இன்ன பங்கு, இன்ன கவுண்டி, இன்ன கப்பலில் வந்தார், கடைசியாக இன்ன ஊரில் வேலை செய்தார் என்று காசு கொடுத்து அச்சிட்டிருக்கிறார்கள். பல விளம்பரங்களில் டவுன்லேண்டின் பெயரும் உண்டு. அவை தொகுக்கப்பட்டுத் தேடும் வசதியோடு கிடைக்கின்றன. உங்கள் வீட்டிலிருந்து ரயிலில் போகும் தூரத்தில் இருப்பதை விட்டுவிட்டு, சுவருக்குக் கேடயம் வாங்கியிருக்கிறீர்கள்.

ஊர்ப்பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடாதீர்கள். காதில் விழுந்ததை எழுதிய பெயர் அது. மாமியாரை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள், பிறகு அயர்லாந்தின் ஊர்ப்பெயர்த் தரவகமான லோகெய்ன்ம் (logainm.ie) தளத்தில் பழைய எழுத்துக்கூட்டல்களையும் சேர்த்துத் தேடுங்கள். அங்கும் இல்லையென்றால் 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய பள்ளித் தொகுப்பு இருக்கிறது. வயல் பெயர், பாழடைந்த வீட்டின் பெயர், பஞ்சத்தில் காலியான கொத்தின் பெயர் என்று பிள்ளைகள் கையெழுத்தில் எழுதிவைத்திருப்பவற்றில் பலவற்றை வேறெங்கும் காண முடியாது.

ஜெபப் புத்தகத்தில் அந்தப் பெயரைத் தவிர வேறு பெயர்கள் இருக்கின்றனவா என்று நீங்கள் எழுதவில்லை. இறந்தவர்களுக்காகச் செபிக்கும் பக்கங்களின் ஓரத்தில் பெயரும் தேதியும் குறித்துவைக்கும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. ஒவ்வொரு தாளாகப் புரட்டி, இருக்கும் பெயர்களையெல்லாம் எனக்கு அனுப்புங்கள். கொள்ளுத்தாத்தாவின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானப் பெற்றோராக நின்றவர்கள் யார் என்று பாஸ்டன் பங்குப் பதிவேட்டிலும் பாருங்கள். பெரும்பாலும் ஊர்க்காரர்களாகவே இருப்பார்கள். விமானச் சீட்டு மட்டும் இப்போது எடுக்க வேண்டாம்.

அன்புடன்.